அந்த ஜாயின்ட்டைப் போட்டது யார்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் பஸ் ஓட்டுகிற நினைப்பிலேயே வீட்டிலும் சத்தம் போட்டுத்தான் பேசுகிறாரா? போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ நாற்பது கேள்வி கேட்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் கீழே வீட்டுக்காரம்மாவின் தையலறையில் மேல்கூரைப் பலகை இரண்டு ஊறிப் பெயர்ந்து, துணி வெட்டுகிற மேசை மேல் விழுந்துவிட்டது. அந்த அம்மா சாப்பிடப் போயிருந்ததால் தலை தப்பியது. தண்ணீர் இறங்கி மரத்தளம் முழுக்க உப்பிப் போயிருக்கிறது. நடந்தால் பலகைகள் ஒன்றோடொன்று உரசி முனகுகின்றன. தண்ணீர் வந்தது மேலே இருக்கும் என் சமையலறையிலிருந்து, சிங்க் அடியிலிருந்து.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். வெயிலோ மழையோ கையில் குடையோடுதான் இருப்பார் போலிருக்கிறது, குடைக்காரர் என்றே வைத்துக்கொள். வாடகைக்கு வந்தபோது வீட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்து எடுத்த பாலிசி ஒன்று இருக்கிறது. என் தவறாலோ என் வீட்டில் தங்கியிருப்பவர் தவறாலோ இந்த இடத்துக்குச் சேதம் வந்தால் கம்பெனியே சரிசெய்து கொடுக்கும். கட்டடம் பழசாகி வந்த சேதம் என்றால் கொடுக்காது. அந்த அம்மா எடுத்திருக்கும் பாலிசியிலும் மெல்லக் கசிந்த தண்ணீருக்கு இடம் இல்லையாம். ஆகவே நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "என் தவறு" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னைப் போய்! இந்த வீட்டின் குழாய் மொத்தமும் நான் குடிவந்தபோது என் கையால் மாற்றியது. இருபது வருடமாக நான் போட்ட ஜாயின்ட் எதுவும் கசிந்ததாக ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் குழாய்த் தொழிலாளர் சங்கத்தில் என்னைச் 'சொட்டுவிடாதவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வரும் ஜூனில் இருபது வருடக் கசிவில்லாச் சான்றிதழுக்கு என் பேர்தான் முதலில் இருக்கிறது. அது கிடைத்தால் தொழிற்பள்ளியில் தேர்வாளர் பதவியும் கிடைக்கும். இந்த நேரத்தில் என் ஜாயின்ட் ஒழுகியது என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

நீயே சொல், நியாயமா? உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உன் தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ கோபத்தில் சாப்பிடாமல் கிடக்கிறாயோ என்றுதான் எனக்குக் கவலை. முழங்கால் காலையில் அடம்பிடிக்கிறது, பத்து மணிக்கு மேல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் அத்தானிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சத்தம் போட்டாப் பேசுறேன்?" என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

முதலில் அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கே நிம்மதி. ஜனவரியில் அலுவலகப் பயிற்சிக்காக அங்கே வந்து உன்னோடு இரண்டு வாரம் தங்கியபோது, என் பாவாடை கிழிந்த இடத்தைக் கேட்காமலே தைத்துக் கொடுத்தவர் அவர்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகப் படிவங்களோடு குப்பை கொட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். படிவத்தில் எழுதுவது வேறு, மனசில் இருப்பது வேறு. ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துவிடேன். கூரை சரியாகட்டும். சங்கத்துக்காரர்கள் இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடிப் படிக்கப் போகிறார்களா என்ன?

ஒன்று கேட்க மறந்தேன். சிங்க் அடியில் என்றாயே, எந்த ஜாயின்ட்? சுவர்ப் பக்கம் இருப்பதா, குழாய்க்கு நேர் கீழே இருப்பதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் சாப்பிடுகிறேன். முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுக்கிறாயா?

நீ இப்படி எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சங்கத்துக்காரர்கள் தேடிப் படிக்க மாட்டார்கள் என்பது சரி. சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுக்கும்போது "என் வேலையால் எந்த இடத்துக்கும் சேதம் வந்ததில்லை" என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே பேனாவால் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் எழுத எனக்கு வராது.

குடைக்காரரோடு நேற்று மறுபடியும் ஒரு மல்லுக்கட்டு.

"சார், உங்க தப்புன்னு ஒரு வரி எழுதுங்க. அடுத்த வாரமே ஆள் வந்து கூரை, தரை எல்லாத்தையும் மாத்திடுவாங்க" என்றார்.

"என் தப்பு இல்லையே."

"இல்லேன்னா கம்பெனி குடுக்காது சார்."

"அப்ப தப்பு பண்ணினவனுக்குத்தான் உங்ககிட்ட மரியாதையா?"

"எங்க பாலிசி அப்படி சார். நல்லா வேலை செய்யிறவங்களுக்கு எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்று குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அப்போது மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

வீட்டுக்காரம்மாதான் பாவம். தையல் மெஷினைத் தூக்கி வீட்டுக்குள்ளேயே நடைபாதையில் போட்டிருக்கிறார். அந்த நடையில் மேசை போட இடம் இல்லை. துணியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, நின்றபடி வெட்டுகிறார். ஒரு மருத்துவமனைக்கு நூற்றுக்கணக்கில் சீருடை தைக்கும் ஆர்டர் கையில் இருக்கிறது. என்னைப் பார்த்தால் ஒரு வார்த்தை குறையாகச் சொல்வதில்லை. திட்டினால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

நீ கேட்டது சுவர்ப் பக்கத்து ஜாயின்ட். பின்பக்கம் பலகைக்குள் மறைந்திருப்பது. தண்ணீரை நிறுத்தியதோடு சரி, இன்னும் பிரிக்கவில்லை. சனிக்கிழமை குடைக்காரர் முன்னிலையில் பிரிக்கப் போகிறேன். குழாய் தயாரித்தவன் குற்றமா, கட்டடத்தின் குற்றமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். என் குற்றம் இல்லை என்பது இப்போதே தெரியும்.

உன் தம்பி


மார்ச் 29

அக்காவுக்கு,

நலம். ஜாயின்ட்டைப் பிரித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

குடைக்காரர், "என்ன சார் தெரியுது?" என்று கேட்டார். பார்க்க வேண்டும் என்று சொல்லி, பிரித்ததைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

ஜனவரியில் இங்கே இருந்தபோது உன் முழங்கால் எப்படி இருந்தது? தரையில் மடக்கி உட்கார முடிந்ததா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

நீ சௌக்கியம்தானே? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. பள்ளியில் சேர்க்கை நேரம், மூச்சுவிட நேரம் இல்லை. ஒரே பிறந்த தேதியில் இரட்டையர் மூன்று ஜோடி வந்து சேர்ந்ததில் பதிவேடு குழம்பிப் போய், நானும் தலைமை எழுத்தரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு தப்பு அவர் பக்கம் என்று தெரிந்து அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

உன் அத்தானுக்கு வழித்தடத்தை மாற்றிவிட்டார்கள். புது வழியில் பாலம் இருக்கிறதாம், ஆறு இருக்கிறதாம். அதைப் பற்றியே பேசுகிறார். அந்தப் பாலத்தை அவர்தான் கட்டினார் என்று அடுத்த வாரம் சொல்லுவார் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் அலமாரியில் குட்டி போட்டது. நாலு குட்டி. மூன்று சாம்பல், ஒன்று மட்டும் யாரைக் கொண்டதோ தெரியவில்லை. பள்ளி மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் புதிதாக வைத்தார்கள். இங்கே மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. உங்கள் பக்கம் எப்படி?

முழங்கால் பரவாயில்லை.

வீட்டுக்காரம்மா இன்னும் நடைபாதையில்தான் தைக்கிறாரா?

உன் அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இங்கேயும் மழை இல்லை. பூனைக் குட்டிகளைப் பற்றிப் படித்து மகிழ்ந்தேன்.

நாலு பக்கம் எழுதியிருந்தாய். கடைசி வரியைத்தான் நான் நாலு தரம் படித்தேன். ஆமாம், இன்னும் நடைபாதையில்தான். மருத்துவமனை ஆர்டரில் பாதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். "இடம் சரியாகலேன்னா மீதியையும் திருப்பிக் குடுத்துடணும் தம்பி, நின்னுக்கிட்டே வெட்டி இடுப்பு போச்சு" என்றார். அதைக்கூட ஏதோ கடையில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். எனக்குத்தான் படியேற முடியவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, குடைக்காரர் வருகிறார். அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். அந்த ஜாயின்ட் நான் போட்டது, என் கவனக்குறைவால் கசிந்தது என்று எழுதுவேன். சான்றிதழ் போகும், தேர்வாளர் பதவியும் போகும். போகட்டும். நான் குடியிருக்கும் வீட்டில் நடந்த வேலை என் வேலைதான்.

நீ இதைப் பற்றி மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உன் தம்பி


மே 9
விரைவு அஞ்சல்

தம்பி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. நன்றாக இரு. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடாதே.

அது என் ஜாயின்ட். ஜனவரி இருபத்திரண்டு, நீ வேலைக்குப் போன பிறகு, உன் பழைய பெட்டியிலிருந்து ஸ்பேனரையும் குழாய் மரையில் சுற்றுகிற டேப்பையும் எடுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணையைப் போட்டுக்கொண்டு, சிங்க் அடியில் தலையை நுழைத்து நான் போட்டது. முக்கால் மணி நேரம் ஆனது. முடித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்து, காகிதம் வைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அன்றைக்கு மத்தியானம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். சிரிப்பாயோ என்று சொல்லவில்லை.

கூரை விழுந்தது என்று நீ எழுதியதும் அது என் ஜாயின்ட்டாகத்தான் இருக்கும் என்று பயந்தேன். அதனால்தான் எழுதிக் கொடுத்துவிடு என்று உனக்கு எழுதினேன். என் தவறை உன் தலையில் கட்டிவிடப் பார்த்தேன். அதற்காக ஒரு மாதம் என் முகத்தை நானே பார்க்காமல் திரிந்தேன். பூனைக் குட்டியைப் பற்றி எழுதினவள் எப்படிப்பட்ட கோழை என்று நீயே நினைத்திருப்பாய்.

ஆனால் இப்போது உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை தம்பி, கோபம்தான் வந்தது. நீ தொழிற்பள்ளியில் படித்தபோது சாப்பாட்டு மேசையில் துண்டுக் குழாய்களை வைத்துப் பழகுவாய். எதிரே உட்கார்ந்து உன் பாடப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவள் நான். உன் கை செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் வரும் என்று அப்போதே தெரியும். அந்தப் பள்ளியில் அப்போது பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். நான் எழுத்தர் வேலைக்குப் போனேன். இந்தப் பள்ளியில் பதினெட்டு வருடமாக ஒழுகுகிற எந்தக் குழாய்க்கும் ஆள் கூப்பிட்டதில்லை, தெரியுமா? வாஷர் மாற்றுவது, நட்டை இறுக்குவது எல்லாம் நான்தான். எல்லோரும் காவலாளி செய்கிறார் என்று நினைக்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

டேப் சுற்றி ஒரு முழு ஜாயின்ட்டை நானே போட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். கெட்டுப்போனாலும் அது என் வேலை. அதில் உன் பேரை எழுத நீ யார்?

குடைக்காரருக்குத் தனியாகக் கடிதம் வைத்திருக்கிறேன். உன் வீட்டில் தங்கியிருந்தபோது நான் செய்த வேலை என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் கையில் கொடு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கோபமும் நலம் என்று நினைக்கிறேன். அது எப்போதும் இப்படியே இருக்கட்டும்.

எனக்கு மார்ச் மாதமே தெரியும். அன்றைக்குப் பிரித்தவுடனே தெரிந்துவிட்டது. டேப்பை மரை ஓடுகிற பக்கமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் நட்டை இறுக்க இறுக்க டேப்பும் இறுகும். இதில் தலைகீழாக, எதிர்ப் பக்கம் சுற்றியிருந்தது. அதனால் நட்டு ஏறும்போதே டேப் பிரிந்து மடங்கியிருக்கிறது. உள்ளே மடங்கிய டேப் கொஞ்ச நாள் தாங்கியிருக்கிறது. பிறகு சொட்டுச் சொட்டாக வடிந்து கூரைக்குப் போயிருக்கிறது. மற்றபடி அது அரைகுறை வேலை இல்லை. சுற்று ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி மேலே படிந்து, முனையைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, அப்படியே நான் செய்வது. கண்ணாடியில் என் கையைப் பார்த்த மாதிரி இருந்தது.

மேசைக்கு எதிர்ப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவளுக்கு எல்லாம் இடம் வலம் மாறித்தானே தெரியும்? உலகத்தில் இந்தத் தப்பைச் செய்யக்கூடிய ஒரே ஆள் நீதான். "அக்கா, இந்தப் பக்கம் வந்து உக்காரு" என்று ஒரு நாள்கூட நான் கூப்பிட்டதில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீயாகச் சொல்லாமல் உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ சொல்லுவாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். பிறகு அந்த அம்மாவின் இடுப்பு தாங்காது என்று தெரிந்ததும் நானே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

நேற்றுக் குடைக்காரரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

"இவங்க உங்க அக்காவா? தானா எழுதிக் குடுத்தாங்களா?" என்றார்.

"நான் போடறேன்னு சொன்னதுக்குத் திட்டி எழுதியிருக்காங்க."

"பதினஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன் சார். என் தப்பு இல்லேன்னு சண்டை போட்டவங்களத்தான் பார்த்திருக்கேன். என் தப்புதான்னு ரெண்டு பேர் அடிச்சுக்கிறத இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். போகும்போது குடையை என் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்.

பாலிசியில் இடம் இருக்கிறது. தங்கியிருந்த உறவினரின் கவனக்குறைவு என்று போட்டுக் கொடுப்பார்கள். உனக்கு நேராக ஒரு படிவம் அனுப்புவார்கள், நிரப்பி அனுப்பு.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த ஜாயின்ட்டை நீ ஏன் தொட்டாய்? சும்மா இருந்ததைப் பிரிக்கிற ஆள் இல்லையே நீ.

உன் தம்பி


மே 31

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. நீயும் நன்றாகத் தூங்கு.

படிவம் வந்தது. எட்டுப் பக்கம். வேலை செய்தவரின் பெயர், வயது, வாடகைதாரருக்கு என்ன உறவு என்று எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். ஐந்தாவது வரியில் 'தொழில்' என்று இருந்தது. பள்ளி எழுத்தர் என்று பாதி எழுதினேன். பிறகு அடித்துவிட்டுக் 'குழாய் வேலை' என்று எழுதினேன். அடித்துத் திருத்திய இடத்தில் சிறு கையெழுத்தும் போட்டேன். முறைப்படித்தான் செய்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் வேலையை விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். இடம் போதாமல் தனித்தாள் வைத்தேன். டேப்பை எந்தப் பக்கம் சுற்றினேன், எந்தப் பக்கம் சுற்றியிருக்க வேண்டும் என்று படமும் போட்டேன். உன் அத்தான் எட்டிப் பார்த்து, "தப்பைக்கூட இவ்வளவு அழகா எழுதுறியே" என்றார். முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

வீட்டுக்காரம்மாவுக்கும் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கூரைக்கு ஆள் எப்போது வருகிறார்கள் என்று எழுது. பூனைக் குட்டிகள் அலமாரியை விட்டு இறங்கி ஓடத் தொடங்கிவிட்டன.

உன் அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்காலுக்கு இனி சிங்க் அடியில் வேலை கொடுக்காதே, கொடுத்தால் சின்ன முக்காலி வைத்துக்கொள்.

கூரை போட்டுவிட்டார்கள். தரைக்கு நேற்றுத்தான் ஆள் வந்தது. வீட்டுக்காரம்மா மேசையைத் திரும்ப உள்ளே போட்டு, உட்கார்ந்து துணி வெட்டுகிறார். உன் கடிதத்தை என்னிடம் காட்டினார். "உங்க அக்கா மாதிரி வாடகைக்கு ஆள் கிடைச்சா நான் உங்களக் காலி பண்ணச் சொல்லிடுவேன்" என்றார்.

ஏன் தொட்டாய் என்று கேட்டேன். படிவம், அத்தான், பூனை என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. நீ எதையும் விட்டுப் படிக்கிற ஆள் இல்லை. பத்து நாள் யோசித்தேன். பிறகு பலகையைக் கழற்றி அந்தச் சுவர்ப் பக்கத்தை விளக்கு வைத்துப் பார்த்தேன். குழாய்க்குக் கீழே சுவரில் பழைய உப்புக் கறை இருக்கிறது. நாலு மாதத்துக் கறை இல்லை அது. இரண்டு வருடமாவது இருக்கும்.

நீ தொடுவதற்கு முன்பே அது கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அது நான் போட்டது. நீ பார்த்துவிட்டாய். சொட்டுவிடாதவர் என்று சொல்லிக்கொண்டு திரிகிற தம்பி வீட்டுக்கு வருவதற்குள் அவன் கசிவை நிறுத்திவிடலாம் என்று தலையை உள்ளே விட்டிருக்கிறாய். அதை இன்றைக்கு வரைக்கும் ஒரு வரியில்கூட எழுதவில்லை. உன்மேல் பழி வந்தபோதும் எழுதவில்லை.

அக்கா, எனக்கு இப்படி ஓர் அக்கா இருக்கிறாள் என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது.

சங்கத்துக்குப் போனேன். சான்றிதழ் விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டேன். செயலாளர் ஆடிப்போய்விட்டார்.

"கம்பெனிக் காகிதத்துல உங்க அக்கா வேலைன்னுதானே இருக்கு? உங்களுக்கு என்ன?" என்றார்.

"அதுக்கு முன்னாடி என் ஜாயின்ட் கசிஞ்சிருக்கு."

"யாரு பார்த்தா?"

"எங்க அக்கா பார்த்தாங்க. இப்ப நானும் பார்த்துட்டேன்."

சான்றிதழ் இந்த வருடம் வேறொருவருக்குப் போனது. நல்ல வேலைக்காரர்தான், விழாவில் எழுந்து நின்று கைதட்டினேன். தேர்வாளர் பதவியும் அவருக்குத்தான். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அந்தச் சுவர்ப் பக்கத்து ஜாயின்ட்டை நான் மாற்றவில்லை. தண்ணீரை நிறுத்தியே வைத்திருக்கிறேன். நீ வந்து போடு. பாத்திரம் கழுவ அதுவரைக்கும் வாளி இருக்கிறது.

உன் தம்பி


ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். வாளியில் பாத்திரம் கழுவிக் கையில் புண் ஆக்கிக்கொள்ளாதே. பள்ளி விடுமுறை விட்டதும் வருகிறேன், முக்காலியோடு.

நீ கண்டுபிடித்ததைப் பற்றி நான் ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சங்கத்தில் நீ சொன்னதை மட்டும் உன் அத்தானுக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன். நாலாவது தரம் அவரே வாங்கிப் படித்தார்.

கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நல்ல தாள், மேலே முத்திரை. உள்ளே இருப்பதெல்லாம் திட்டுத்தான். டேப்பைத் தவறான திசையில் சுற்றியதால் கசிவு ஏற்பட்டது, கூரைக்கும் தரைக்கும் வந்த சேதத்துக்கு வேலை செய்தவரே பொறுப்பு, இனி இத்தகைய பணிகளில் உரிய கவனம் செலுத்தவும் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறார்கள். படித்துக்கொண்டே கடைக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்து, முன்னறையில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

உன் அத்தான் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"திட்டி வந்த காயிதத்த யாராவது சட்டம் போட்டு மாட்டுவாங்களா? வர்றவங்க படிச்சா என்ன நினைப்பாங்க?"

"மேல இருந்து படிங்க" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே போய், முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"குழாய்ப் பணியாளர் அம்மையார் அவர்களுக்கு."

உன் அக்கா